விலை பேசுமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பிள்ளைப்பாக்கம் வட்டாரத் தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டை அறுக்கும் லேசர் யந்திரத்தின் மற்றொரு வகை துணியை வெட்டுகிறது. அதை வாங்க எண்ணும் சங்கத்தார்க்கு நாம் கூறுவது இதுவே.

வெட்டும் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் கண்ணைக் கெடுக்கும். ஓடும் யந்திரத்தின் மூடியை விற்பவரே திறந்து காட்டட்டும். நாம் உரிய காப்புக் கண்ணாடி அணிந்து விலகி நிற்போம். கதிர் அக்கணமே நிற்றல் வேண்டும்.

துணி வெட்டும் கரியமிலவாயு லேசரின் 10.6 மைக்ரான் கதிரை அக்ரிலிக் சாளரம் தடுக்கும். தகடு அறுக்கும் பைபர் லேசரின் சுமார் 1 மைக்ரான் கதிரோ அதனூடே புகுந்து விழித்திரையைச் சுடும். அதற்குரிய தனிக் கண்ணாடியே தேவை.

புகைபோக்கியும் அவசர நிறுத்தப் பொத்தானும் இன்றியமையாதவை. பி.வி.சி. பூசிய ரெக்சினை வெட்டினால் நச்சு அமிலப் புகை எழும்; அதை வெட்டவே கூடாது.

சங்கம் மலிவைத் தேடலாம். அங்கத்தினரின் கண்ணை விலையாகத் தரலாகாது.