இடமா, வலமா? கடலுக்கடியில் ஒரு மாயமான்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் சற்று நின்று கவனிக்கலாம். மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பஸ் தெரியாது. ஹாரன் சப்தம் மட்டும் கேட்கும். ஆனாலும் அது இடப்பக்கமா, வலப்பக்கமா என்று சொல்லிவிடுகிறோம். தலைக்கு இரு புறமும் காது இருப்பதால் வந்த சௌகரியம் இது!

ஆழ்கடலில் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கண் கிடையாது, காதுதான் எல்லாம். அந்தக் காதைக் கப்பலோடு ஒட்டி வைத்தால் சொந்த யந்திரத்தின் இரைச்சல் குறுக்கே வரும். ஆகவே, ஒலிவாங்கிகளை நீண்ட குழாயில் சரமாகக் கோத்துக் கப்பலுக்குப் பின்னால் வெகு தூரத்தில் இழுத்துச் செல்கிறார்கள். முதல் உலக யுத்தத்தின்போதே அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி ஹார்வி ஹேய்ஸ் இத்தகைய சரத்தைச் சோதித்தார். அதற்கு இட்ட பெயர் 'விலாங்கு'!

இரண்டு எதிரிகள்

கடல்நீரில் சப்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். முன்னால் உள்ள ஒலிவாங்கிக்கும் பின்னால் உள்ளதற்கும் அது வந்து சேரும் நேரம் வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கோணத்தைக் கணக்கிடலாம். சங்கடம் இங்கேதான். எதிரி வலப்புறம் 40 டிகிரியில் இருந்தாலும், இடப்புறம் 40 டிகிரியில் இருந்தாலும் நேர வேறுபாடு ஒன்றே. ஆகவே கருவி இரண்டு எதிரிகளைக் காட்டும். ஒன்று நிஜம், மற்றது மாயமான்!

இது வெறும் கணக்குப் புதிர் அல்ல. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானிய நீர்மூழ்கி 'ஹாங்கோர்' ஏவிய டார்பிடோ நமது 'குக்ரி' கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். பகைவனைத் தூரத்திலேயே கேட்டறிவது எத்தனை அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பழைய உபாயமும் புதியதும்

பழைய உபாயம், கப்பலைத் திருப்புவது. 30 டிகிரி வலப்புறம் திரும்பினால் நிஜ எதிரியின் திசை அப்படியே இருக்கும். மாயமானோ 60 டிகிரி தாவிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்! ஆனால் வளைந்த சரம் மறுபடி நேராக வேண்டுமே? அதற்குள் பகைவன் சும்மா இருப்பானா?

ஆகவே விஞ்ஞானிகள் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்குப் பதில் மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாக வைத்தார்கள். அவற்றினிடையே 5 சென்டிமீட்டர் என்றால், சப்தம் அதைக் கடக்க ஒரு விநாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அந்த அற்ப வேறுபாடே இடம், வலத்தைச் சொல்லிவிடுகிறது. சரம் முறுக்கிக் கொண்டால் இடம் வலமாகிவிடாதா? ஆம், முறுக்கை அளக்கவும் ஒரு கருவி உண்டு. இரண்டு சரங்களைப் பக்கம் பக்கமாக இழுப்பதும் ஒரு வழி.

நம் நாட்டில் கொச்சியிலுள்ள கடற்படை பௌதிக ஆய்வுக்கூடம் இத்துறையில் உழைக்கிறது. வருகிற டார்பிடோவை இழுவைச் சரத்தால் கேட்டறிந்து, போலிச் சப்தத்தால் அதைத் திசைதிருப்பும் சாதனம் 2020-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'மாரீச்'! பகைவனுக்கு மாயமானைக் காட்டலாம். நம் காதுக்கு மட்டும் அது நிஜமாகத் தோன்றிவிடக் கூடாது.