பலகைக்கு ஒரு படுக்கை

வீட்டின் பின்புறத்திலே ஒரு சிறு கொட்டில். அதனுள் ஒரு தச்சுமேசை, இரண்டு சீவுளிகள், நான்கு உளிகள், ஒரு வாள். ஓய்வு நாட்களை இவற்றோடு கழிக்கும் வழக்கமுடையோர் நம்மிடையே பலர் உளர். ஆயுதங்களுக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைக்கத் தெரிந்த இவர்கள், அவற்றினும் விலைகூடிய பலகையை மாத்திரம் சுவரிலே சாத்திவிட்டுப் போய்விடுவர். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. அதனால் நேர்ந்த நட்டத்தை முதலிற் கூறிவிடுகின்றோம்.

ஹெந்தளையில் எமது வளவிலே நின்ற பலாமரம் அயலவரின் கூரைமீது சாயத் தொடங்கியது. பலாவை நினைத்தவுடன் தறித்துவிட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெறல் வேண்டும். அதனைப் பெற்று, மரத்தை வீழ்த்தி, ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அரிவித்தபோது 14 பலகைகள் தேறின. மஞ்சள் நிறம் மாறாத அப்பலகைகளைக் கண்ட எமது இளைய மகள், "அப்பா, இதிலே எனக்குப் படிக்கிற மேசை செய்து தாறீங்களா?" எனக் கேட்டாள். தைப்பொங்கலுக்குள் தருவதாக வாக்களித்தோம்.

பலகைகளைக் கொட்டிலின் மேற்குச் சுவரோரமாக மண்தரையிலே நிறுத்திவைத்தோம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வந்தது. கல்லூரிப் பரீட்சைகளும் வந்தன. ஆவணியிலே சென்று பார்த்தபோது, ஐந்து பலகைகளின் அடிப்புறத்தில் கறையான் மண்கூடு கட்டி ஏறியிருந்தது. எஞ்சியவற்றுள்ளும் சில வில்லாக வளைந்திருந்தன. பலாவைக் கறையான் தின்னுமோ என்று வாசகர் ஐயுறலாம். கறையானுக்கு இலகுவில் இடங்கொடாத குணம் அதன் வைரத்துக்கே உண்டு. பட்டையை அடுத்த வெளிறிய பாகத்துக்கு இல்லை.

அயல்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த மொறட்டுவைத் தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். "மாத்தயா, மனிசன் நின்றுகொண்டு தூங்கினால் முதுகு வளையாதா? பலகையைப் படுக்க வையுங்க," என்றார் அவர்.

அனுபவத்தால் அவர் அறிந்ததற்கு விஞ்ஞானமும் சான்று பகர்கின்றது. மரம் அறுக்கப்பட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் குறையுந்தோறும் அது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கிலே ஏற்படும் சுருக்கம், அவற்றைக் குறுக்கே வெட்டும் திசையிலே ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இருமடங்காகும். பலகை குழிவதற்குக் காரணம் இதுவே. மேற்கே கடலும் தெற்கே களனி கங்கையும், ஊடே ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாயுமாக அமைந்த எமது பகுதியில் காற்றின் ஈரத்துக்குக் குறைவேது? இங்கே நிழலில் உலர்ந்த மரமும் தன் வறண்ட எடையில் நூற்றுக்கு 15 பங்கு அளவான ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும்.

பின்னர் அத்தச்சரின் சொற்படி ஒரு தாங்கி அமைத்தோம். இரண்டுக்கு மூன்று அங்குலச் சட்டங்கள் நான்கை, இரண்டடிக்கு ஒன்றாகச் சுவரில் நிறுத்தினோம். எட்டடிப் பலகைக்கு இவ்விடைவெளி பொருத்தமானது; இதனிலும் கூடினால் பலகை நடுவிலே தொய்யும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலக் கட்டையைச் செருகினோம். மழைக்காலத்திலே சுவரில் ஊறும் ஈரம் மரத்தைத் தீண்டாதிருக்க இது அவசியம். சட்டங்களின் அடி மண்ணிற் படாமல் சீமெந்துக் கல்லின்மேல் நிற்கின்றது. அந்தக் கல்லிலே கறையானின் மண்வரி தோன்றுகிறதா என்று வாரந்தோறும் பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு சட்டத்திலும் பதினைந்து அங்குல நீளமான கைகள் மும்மூன்று. நுனி சற்றே உயர்ந்திருந்தாற் பலகை வழுவி விழாது. ஒரு பலாப்பலகையின் எடை 10 கிலோகிராமுக்குக் குறையாது. ஆகையால் ஆணியை நம்பாமல் திருகாணிப் பூட்டுக்களையே இட்டோம். அடித்தட்டு தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் உள்ளது.

பலகைமேற் பலகையை நேரே அடுக்கினால் இடையிலே பூஞ்சணம் பிடிக்கும். எனவே உலர்ந்த அங்குலச் சலாகைத் துண்டுகளைக் கைகளுக்கு நேர் மேலாக இடையிடையே வைத்தோம். ஒரு துண்டு விலகினாலும் பலகை அவ்விடத்தில் வளையப் பழகிவிடும். பலகையின் இரு முனைகளாலும் ஈரம் விரைந்து வெளியேறுவதால் அங்கேதான் வெடிப்பு உண்டாகிறது; வீட்டிற் கிடந்த பழைய பெயின்ரை முனைகளிலே பூசினோம். றப்பர் மரத்துண்டுகளைப் புறம்பாக வைத்தல் நன்று. அதிலுள்ள மாப்பொருளை நாடி வண்டு துளைக்கும். கீழே மெல்லிய மாத்தூள் உதிர்ந்திருந்தால் அதுவே அடையாளம்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழங்கணக்கு. அதுவரை காத்திருக்க மகளுக்குப் பொறுமை இல்லை. தைப்பொங்கல் மேசையின்றியே கழிந்தபோது அவள் எம்மைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலுண்டு. ஆகவே மரம் உலர்வதை அளக்கும் வேலையை அவளிடமே ஒப்படைத்தோம். ஒரே மரத்தின் சிறு துண்டொன்றை முனைகளிலே பெயின்ற் பூசி அடுக்கின் நடுவில் வைத்தோம். மாதந்தோறும் அவள் அதனைக் குசினித் தராசில் நிறுத்து, எடையையும் திகதியையும் சட்டத்திலே சோக்கினால் எழுதிவருகிறாள். எடை இறங்குவது நிற்கும்போது மரம் காற்றோடு சமநிலையடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கறையான் தின்ற ஐந்து பலகைகளிலும் மிஞ்சிய நல்ல பாகங்களைக் கொண்டே தாங்கியின் கைகளைச் செய்தோம். வளைந்தவற்றுள் இரண்டு, மேலே பாரம் ஏற்றியபின் ஓரளவு நிமிர்ந்தன. முறுகிய ஒன்று நிமிரவேயில்லை. சோக்கு எழுத்திலே கடைசி இரு மாதங்களும் ஒரே எடையைக் காட்டுகின்றன. மேசையின் உயரம் இருபத்தெட்டு அங்குலமா முப்பதா என்பதே இப்போது வீட்டிலுள்ள வழக்கு.