பிரீமன் பெற்ற நூற்றறுபது ஏக்கர்

அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியாட்ரிஸ் நகருக்கு அருகே, டேனியல் பிரீமன் என்னும் உழவர் குடியேறிய நிலத்தை இன்றும் காணலாம். 1862-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்குச் சிறு கட்டணம் பெற்று 160 ஏக்கர் வரை நிலம் வழங்கிற்று. சட்டம் அமலுக்கு வந்தது 1863 ஜனவரி முதல் நாள். அன்று நள்ளிரவு கடந்ததுமே, பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்கச் செய்து பிரீமன் மனுக் கொடுத்தாராம். முதல் மனு அவருடையதே என்பதை நாம் சற்று ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். அன்றே வேறு பலரும் பதிந்துகொண்டனர்.

அவரது இல்லற வரலாறு இதனினும் சுவையானது. அயோவாவைச் சேர்ந்த ஆக்னஸ் சூட்டர், முதலில் பிரீமனின் சகோதரருக்கு நிச்சயிக்கப்பட்டவர். அச்சகோதரர் உள்நாட்டுப் போரின்போது இறந்தார். அதன்பின் இவ்விருவரும் கடிதங்கள் வாயிலாகவே மனம் ஒத்து, 1865-இல் மணந்தனர். கணவர் 1908-இல் மறைந்த பின்னும் அவ்வம்மையார் 1931 வரை வாழ்ந்தார்.

எழுபது வயதைக் கடந்த பின்னரும் பிரீமன் ஓயவில்லை. ஊர்ப் பள்ளியில் பைபிள் ஓதப்படுவதை எதிர்த்து வழக்காடி, 1902-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

இலவச நிலம் என்றார்களே, அது யாருடைய நிலம்? அப்பகுதியில் வாழ்ந்த ஓட்டோ-மிசௌரியா மக்கள், 1854-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பெரும்பரப்பை இழந்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு குறுகிய ஒதுக்கிடத்தில் அடங்கினர். 1881-இல் அதனையும் விட்டுத் தெற்கே சென்றனர். பிரீமனின் நிலமோ 1936-இல் தேசிய நினைவிடமாயிற்று. கணவரும் மனைவியும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.