வாயிலில் எழுதிய பெயர்

சென்ற நவராத்திரியின்போது, மும்பையின் செம்பூரில் ஹார்பர் ரயிலேறி, தாணே உப்பங்கழிப் பாலத்தைக் கடந்து, வாஷிக்கு அடுத்த நிலையமாகிய சான்பாடாவில் இறங்கி, சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கொலுவைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தேன். அவர் குடியிருக்கும் சொசைட்டியின் வாயிலில் வாட்ச்மேன் நீட்டிய நோட்டுப் புத்தகத்தில், பெயரும், போகும் பிளாட்டின் எண்ணும், கைபேசி எண்ணும், வந்த நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. எழுதக் குனிந்தபோது எனக்கு முன்னால் வந்தவர்களின் வரிகள் அத்தனையும் கண்ணில் பட்டன. அன்று மாலை எந்தப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாள், அவளை எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதை, கூரியர்காரர் முதல் கொலுவுக்கு வந்த நான் வரை யார் வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம். அந்த நோட்டில் என் மகளும் தன் எண்ணை எழுதினாள். இரண்டு நாள் கழித்து, கொலுவுக்குப் போய்வந்ததைக் குறிப்பிட்டே, முன்பின் அறியாத ஒருவனிடமிருந்து அவளுக்குச் செய்திகள் வரத் தொடங்கின.

பன்னிரண்டு மணி நேரம் கால்கடுக்க நிற்கும் அந்த வாட்ச்மேனின் பேரில் குற்றம் இல்லை. சொன்னதை அவர் செய்கிறார். இந்த விவரம் எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் கண்ணுக்கு என்ற மூன்று கேள்விகளையும் ஒருநாளும் தம்மைக் கேட்டுக்கொள்ளாமல், வந்தவர்களை எல்லாம் எழுதச் சொல்லும் நிர்வாகக் கமிட்டிகளின் பேரில்தான் குற்றம் இருக்கிறது.

மனிதனுடைய அந்தரங்கம் அவனுடைய பாத்தியதை என்பதை நம் நாட்டு நியாயஸ்தலங்கள் நிலைநாட்டிய கதையில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கும் இடமுண்டு. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதத்தை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கில், 1994-ஆம் வருஷம் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், பகிரங்கமான ஆவணங்களிலிருந்து எழுதுவதற்குப் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்று சொன்னதோடு, தன்னைத் தன் பாட்டில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் சொல்லிற்று. பிற்பாடு, கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக அதை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள்.

அந்தத் தீர்ப்பின் வழியே வந்ததுதான் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பெரிய கம்பெனிகளை மட்டும் உத்தேசித்து இயற்றப்பட்டது இது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அது சரியல்ல. ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ வைத்துக்கொள்ளும் விவரங்களுக்கு விலக்கு உண்டே தவிர, கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கமும், டியூஷன் வகுப்பும், மூலையில் இருக்கும் கிளினிக்கும், சிறியவை என்ற காரணத்தினாலேயே அதற்கு வெளியே நின்றுவிட முடியாது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. டிஜிட்டல் வடிவில் திரட்டியதற்கும், காகிதத்தில் வாங்கிப் பின்னால் டிஜிட்டலாக மாற்றியதற்குமே சட்டம் பொருந்தும் என்பதால், வாயிலில் கைபேசிச் செயலி எடுக்கும் புகைப்படம் சட்டத்தின் வரம்புக்குள் வர, பக்கத்து மேஜையில் விரித்துப் போட்டிருக்கும் நோட்டு அப்படியே வெளியே நிற்கிறது. என் மகளுக்கு நேர்ந்த துன்பம் அந்த நோட்டிலிருந்து வந்தது.

செயலியே மேல் என்று இதனால் சொல்ல வரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் தினந்தோறும் எந்தக் கட்டடத்துக்குள் எப்போது நுழைந்து எப்போது வெளியேறினார்கள் என்பதைப் புகைப்படத்தோடு பதிந்து, குடியிருப்போர் பார்க்கும்படி வைக்கும் செயலிகள் இருக்கின்றன. எதிர்த்துக் கேட்டால் வாயிலுக்குள் விடமாட்டார்கள் என்ற நிர்ப்பந்தத்தில் அந்தப் பெண் தலையாட்டுவதைச் சம்மதம் என்று சொல்வது நியாயமாகாது. சம்மதம் சுயேச்சையாக இருக்கவேண்டும், அதைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்று சட்டமே கூறுகிறது.

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 பாஷைகளில் எதிலும் படித்துப் பார்க்கவும், தம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், தேவை தீர்ந்ததை அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் 2025 நவம்பரில் வெளியான விதிகள், இந்தக் கடமைகள் பெரும்பாலானவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. பாதுகாப்பில் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதைக் கேட்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை போய்ச் சேருவது அரசாங்க கஜானாவுக்கே அன்றி நஷ்டப்பட்டவர் கைக்கு அல்ல. நஷ்டஈடு பெறுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இதுவரை இருந்துவந்த 43-ஏ பிரிவும் அந்த அவகாசம் முடிந்ததும் நீங்கிவிடும். இது பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

இன்றைக்குள்ள பரிகாரங்களைச் சொல்கிறேன். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணை விடாது தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. வந்த செய்திகளை அழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். பெயரும் எண்ணும் தெரிந்தவன் வங்கி அதிகாரிபோல் பேசிப் பணத்தைப் பறித்துவிட்டால், ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். கடையில் பில் போடும்போது கைபேசி எண்ணைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தலாகாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே அறிவித்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி மறுக்கலாம்.

நாங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததோடு, அந்தச் சொசைட்டியின் செயலருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். சான்பாடாவிலும் மற்ற இடங்களிலும் சங்கப் பொறுப்பில் இருக்கும் தமிழர்களுக்கும் அதையே கேட்டுக்கொள்கிறேன்: வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு கொடுத்து எழுதி வாங்கிப் பூட்டிய பெட்டியில் போடச் செய்யுங்கள், அலமாரியில் அடுக்கியிருக்கும் பழைய நோட்டுகளை ரத்திவாலாவிடம் எடைக்குப் போடாமல், கிழித்து அழித்துவிடுங்கள்.