பண்டாரவளைக் குளிர் இறைச்சியைக் காக்காது

எமது பகுதியில் கோழிக்கடை, இறைச்சிக்கடை நடத்தும் சகோதரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. கொழும்பு, மட்டக்களப்பு போன்ற சூடான ஊர்களில்தான் இறைச்சி சீக்கிரம் பழுதாகும், பண்டாரவளைக் குளிருக்கு மாலை வரை கொக்கியில் தொங்கினாலும் ஒன்றும் ஆகாது என்பதே அது. 1,200 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள ஊர்வாசிகள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் கிருமிகளின் கணக்கு வேறு. ஏறத்தாழ 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட எந்த வெப்பநிலையிலும் நோய்க் கிருமிகள் பெருகக்கூடியன. எமது பகல் நேரம் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. குளிரில் நாற்றம் பிந்தி வரும், அவ்வளவுதான். அத்துடன் நாற்றத்தை உண்டாக்கும் கிருமி வேறு, நோயை உண்டாக்கும் கிருமி வேறு. பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல இறைச்சியிலும் இரண்டாவது வகை இருக்கலாம்.

இது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கால்நடையின் குடலில் இருந்தே. கோழியின் குடலில் சல்மொனெல்லா இருந்தாலும் கோழி நோயின்றி ஓடித் திரியும். மாட்டின் குடலிலும் சாணத்திலும் ஈகோலை இருக்கும். குடலை எடுக்கும்போது அது கிழிந்தாலோ, தோலில் ஒட்டிய சாணம் சதையில் பட்டாலோ, நூறு கோழிகளை ஒரே சுடுநீர்த் தொட்டியில் முக்கி எடுத்தாலோ கிருமி ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவிவிடும். பிறகு கத்தி, மரக்குற்றி, ஈரத்துணி, காசு வாங்கும் கை என்று அது பயணம் செய்யும். அறுப்பு ஹலாலாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று எம்மில் பலர் நினைக்கிறோம். மார்க்கம் ஹலாலுடன் தையிப் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. பிஸ்மி சொல்லி அறுத்த கோழியும் அழுக்குத் தொட்டியில் விழுந்தால் அழுக்காகத்தான் செய்யும்.

கொத்து, ஷவர்மா விற்கும் ஹோட்டல் முதலாளிமார் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நடந்தவற்றை அறிந்திருப்பது நல்லது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தாள். அங்கு எடுத்த மாதிரிகளில் சல்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. 2023 செப்டெம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அதே போல் உயிரிழந்தாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் அதை ஓராண்டுக்குத் தடை செய்தது. இரண்டொரு கடைகளின் கவனக்குறைவுக்கு முழுத் தொழிலுமே விலை கொடுத்தது. ஒழுங்காக நடத்தியவனின் கடையிலும் பல நாட்கள் கூட்டம் இருந்திராது.

அரைத்த இறைச்சிக்குத் தனிக் கவனம் வேண்டும். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும், சூடு பட்டால் சாகும். அரைக்கும்போது அது உள்ளே போய்விடுகிறது. 1993இல் அமெரிக்காவில் ‘ஜாக் இன் த பொக்ஸ்’ கடைகளின் சரியாக வேகாத பேர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு பிள்ளைகள் இறந்தது இதனால்தான். நடுப்பகுதி 75 பாகை வரை சூடேறினால் பயமில்லை.

வலீமாச் சாப்பாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. இரவு சமைத்த பெரிய சட்டிக் கறியை மூடி வைத்துப் பகல் பரிமாறுவது மிகப் பிழையான பழக்கம். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். சோற்றிலும் அப்படி ஒன்று உண்டு. அது கக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒன்றில் சூடாகவே வைத்திருக்க வேண்டும், அல்லது சிறு பாத்திரங்களில் பிரித்துச் சீக்கிரம் குளிராக்க வேண்டும்.

டீப் பிரீசரும் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். உருகி வெதுவெதுப்பான கோழியைத் திரும்ப உறைய வைத்துத் தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பள நாளில் விற்பது, அவர்கள் வந்து முறையிட மாட்டார்கள் என்ற தைரியத்தில் செய்யும் வேலை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி, மனிதர் உண்ணத் தகாததை விற்பது குற்றம். வாங்கியவர் லயத்தில் இருந்தாலும் பங்களாவில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இனி பில் விடயம். 2022 டிசம்பரில் வடக்கு, கிழக்கில் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தபோது, அங்கிருந்து இறைச்சி வெளியே கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டது. கடும் குளிரே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ஆனாலும் தடை நின்ற நாட்களில், தன் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்ட வாடிக்கையாளருக்குக் காகிதத்தைக் காட்ட முடிந்தவனுக்கும், வாயால் மட்டும் சொன்னவனுக்கும் வித்தியாசம் இருந்திருக்கும். மிருக வைத்தியரின் சான்று, மடுவத்தின் பற்றுச்சீட்டு, லொறி வந்த திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போதும் அதுவே கைகொடுக்கும். கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழும், பிரீசர் மறை 18 பாகையிலும் நிற்கிறதா என்று பார்த்து எழுத இரண்டு நிமிடம் போதும்.