ஒரு சென்டிமீட்டரில் 51 பெட்டி!

சென்னை,-
துறைமுகத்தை நோக்கி இரவு பகலாகச் சாரை சாரையாகப் போகின்றன கன்டெய்னர் லாரிகள். கதவுக்கு சீல் வைத்தாச்சு. உள்ளே சரக்கை எப்படி அடுக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதில்தான் இருக்கிறது லாபமும் ஆபத்தும்!

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்து கன்டெய்னர் நிலையங்களில் இந்த வேலைக்கு 'ஸ்டஃபிங்' என்று பெயர். லோடுமேனுக்குத் தோள்பலம் மட்டும் போதாது. கணக்கும் வேணும்!

காற்றுக்கு வாடகை

20 அடி கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 589 செ.மீ. அகலம் 235. உயரம் 239. முழுசா ரொப்பினாலும், அரைகுறையா அனுப்பினாலும், தனியாகப் பிடித்த கன்டெய்னருக்குக் கப்பல் வாடகை ஒண்ணுதான். காலி இடம் விட்டால் காசு கொடுத்துக் காற்றை அனுப்புகிற கதைதான்.

நீளம் 60, அகலம் 40, உயரம் 40 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நீளவாக்கில் வைத்தால் ஒரு அடுக்குக்கு 9-க்கு 5, அதாவது 45. ஐந்து அடுக்குக்கு 225.

மூன்று வரிசையைக் குறுக்கே திருப்பி, வரிசைக்கு 14 வைத்து, பக்கத்தில் நாலாவது வரிசையை நீளவாக்கில் 9 வையுங்கள். அடுக்குக்கு 51. மொத்தம் 255. அதே கன்டெய்னர், அதே வாடகை, 30 பெட்டி கூடுதல்!

கூத்து இனிமேல்தான். ஐந்து அடுக்குக்கு மேல் மிச்சம் 39 செ.மீ. பெட்டியோ 40! சரக்குக்கு இடைஞ்சல் இல்லாமல் பெட்டி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால், ஆறாவது அடுக்கும் ஏறும். 306 பெட்டி! "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று நினைச்சிடாதீங்க.

கதவைத் திறந்தால்...

நெருக்கி அடுக்கினால் மட்டும் போதாது. கனமானது அடியில், லேசானது மேலே. மிச்சமுள்ள சந்தில் காற்றுப்பையோ மரச்சட்டமோ வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலில் கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் சரக்கு சரியும். போய்ச் சேர்ந்த ஊரில் கதவைத் திறக்கிறவர் தலையில் விழும்!

எடையும் பரவலாக இருக்க வேண்டும். மொத்தச் சரக்கில் 60 சதவிகிதத்துக்கு மேல் ஒரு பாதியில் சேரக்கூடாது என்கிறது 2014-ல் வந்த சர்வதேச விதிமுறை. ஒரு பக்கம் கனத்தால் வளைவில் லாரியே கவிழும்.

எடையில் பொய்

2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நபோலி' என்ற கப்பல் புயலில் உடைந்து இங்கிலாந்துக் கரையோரம் தரைதட்ட வைக்கப்பட்டது. மேல்தளத்தில் இருந்த சுமார் 660 கன்டெய்னர்களை இறக்கி எடை போட்டார்கள். ஐந்தில் ஒன்றில், எழுதிக் கொடுத்த எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம்!

சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் எடையைச் சரிபார்த்துச் சொல்லாவிட்டால் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற விதி 2016 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது.

எடையைத் தராசு சொல்லிவிடும். உள்ளே அடுக்கிய விதத்தை எந்தத் தராசும் சொல்லாது. அது லோடுமேன் கையில்தான் இருக்கிறது!