ஊர் அடங்கியது, வயிறு அடங்குமா?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடெங்கும் ஊரடங்கு! 21 நாள் வீட்டிலிரு என்றது ஆணை. தொற்றைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. வீட்டிலிருப்பவன் எதை உண்பான் என்பதே நமது கேள்வி.

கோவில்பட்டி வட்டாரத்தைப் பாருங்கள் தோழர்களே! வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வீட்டுக்குக் கஞ்சி வார்ப்பது தீப்பெட்டி ஆபீஸ். அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அடைத்த பெட்டிக்கு எண்ணிக்கைக் கூலி. ஆபீஸ் பூட்டப்பட்டது, அடுப்பில் உலையும் அடங்கியது.

மூடிய நாட்களுக்கும் முதலாளிகள் பிடித்தமின்றிக் கூலி தர வேண்டும் என்று மார்ச் 29இல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் அடைக்காத பெட்டிக்கு எண்ணிக்கை ஏது? பதிவேட்டில் பெயரில்லாதவளுக்குக் கூலி ஏது? மே மாதத்தில் அந்த உத்தரவையும் திரும்பப் பெற்றார்கள்.

மாநில அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் தந்தது. அந்தப் பணத்தை 21 நாளுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 48 ரூபாய்கூட இல்லை! கடன் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது ரிசர்வ் வங்கி, வட்டி நின்றதா? இல்லை!

ஏப்ரல் 30இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. மிட்டாய்க்கு ஊர்ப்பெயர் பதிவேறிற்று. பெட்டி அடைக்கும் கைகளின் பெயர் எப்போது ஏறும்?

அடுத்த நோய் வரும்வரை காத்திருக்கலாகாது. எண்ணிக்கைக் கூலிக்காரர் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அரசு ஆணையால் ஆபீஸ் மூடும் நாளுக்கும் கூலி என்பது சட்டமாக வேண்டும். கிளைதோறும் தோழர்கள் இன்றே கணக்கெடுக்கட்டும்!